கிராமத்துல வீடு கட்டப் போறீங்களா? சாளை, களம், மாட்டுக் கொட்டகை சொல்லித்தரும் பாடம் இதுதான்!

சித்திரை மாதம், மத்தியானம் 2 மணி. கொங்குப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ ஏதாவது ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளியூரில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் கட்டிய புது காங்கிரீட் வீடு பளபளவென நிற்கும். டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், கண்ணாடி ஜன்னல் எல்லாம் இருக்கும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் உள்ளே இருக்க மாட்டார்கள். மாட்டுக் கொட்டகை ஓரமாக, வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்கள். கேட்டால், "வீடு நல்லாத்தான் இருக்கு, உள்ள உக்காரத்தான் முடியல" என்பார்கள்.

வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய வீடு சுடுகிறது. சில ஆயிரம் ரூபாயில் போட்ட கொட்டகை குளுமையாக இருக்கிறது. இது எப்படி?

நகரத்தில் 3 பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கும் அரை கிரவுண்டு மனைக்கு வரைந்த பிளானை, நாலு பக்கமும் காடு இருக்கும் இடத்தில் அப்படியே கட்டுவதுதான் முதல் தப்பு. அதைச் சரிசெய்ய நினைக்கும் சிலர், முன்பக்கம் மட்டும் ஓடு ஒட்டி, தூண் நிறுத்தி, 'பாரம்பரிய வீடு' என்கிறார்கள். அது 2-வது தப்பு. பழைய பண்ணைக் கட்டடங்களிடமிருந்து எடுக்க வேண்டியது தோற்றத்தை அல்ல, காரணத்தை. எந்தச் சுவர் ஏன் அங்கே இருந்தது, எந்தக் கூரை ஏன் அப்படிச் சரிந்தது என்று தெரிந்தால், அதே பலனை இன்றைய பொருட்களிலும் கொண்டுவரலாம்.

எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பண்ணைக் கட்டடம்னா என்னென்ன?

தமிழ்நாட்டு விவசாயக் குடும்பத்தின் இருப்பிடம் ஒரே பெட்டிக்குள் அடங்கியதில்லை. தேவைக்குத் தகுந்த மாதிரி தனித்தனிப் பகுதிகளாக இருந்தது.

- சாளை: கொங்குப் பகுதியில் தோட்டத்துக்குள் போடப்பட்ட எளிய வீடு. மண் சுவர், பனை ஓலை அல்லது கரும்புச் சோகைக் கூரை.
- களம்: கதிர் அடிக்கவும், தூற்றவும், காய வைக்கவும் ஆன திறந்த இடம். நல்ல காற்று வரும் மேட்டில் இருக்கும்.
- தொழுவம் அல்லது கட்டுத்தரை: மாடு கட்டும் இடம். ஒரு பக்கமோ, எல்லாப் பக்கமோ திறந்திருக்கும்.
- குதிர், பத்தாயம்: தானியம் வைக்கும் மண் கூடும், மரப் பெட்டியும். டெல்டா வீடுகளில் பத்தாயம் ஒரு அறை அளவுக்குக்கூட இருந்தது.
- திண்ணை, தாழ்வாரம்: வெளியே இருந்து உள்ளே வருவதற்கு முன் உள்ள நிழல் பகுதி.
- முற்றம்: வீட்டுக்கு நடுவே வானம் தெரியும் இடம்.

இப்படிப்பட்ட பழைய வீடுகளை நேரில் பார்க்க வேண்டுமானால், சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்குப் போகலாம். விவசாயி வீடு, நெசவாளர் வீடு, வணிகர் வீடு எனத் தென்னிந்தியாவின் பல வகை வீடுகள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. பிளான் போடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு தடவை போய், திண்ணையிலும் தாழ்வாரத்திலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் பல கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

கொட்டகை ஏன் குளுகுளுன்னு இருக்கு?

இதற்கு 3 காரணங்கள்.

முதலாவது, கூரை. தமிழ்நாடு பூமத்திய ரேகைக்கு அருகில், வட அட்சம் 8 டிகிரிக்கும் 13.5 டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் மத்தியானச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். அதனால் ஒரு மாடி வீட்டில் வெயிலை அதிகமாக வாங்குவது சுவர் அல்ல, கூரைதான். காங்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டைத் தேக்கி வைத்து, சாயங்காலத்திலிருந்து ராத்திரி வரை கீழே விடும். ஃபேன் போட்டால் அனல் காற்று வருவது அதனால்தான். ஓலைக் கூரையில் அடுக்கடுக்காகக் காற்று சிக்கியிருக்கும். அது சூட்டைக் கீழே விடாது, தேக்கியும் வைக்காது.

இரண்டாவது, காற்று. கொட்டகையில் சூடான காற்று மேலே ஏறி, கூரையின் உச்சி வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் போய்விடும். கீழே புதுக் காற்று வரும். இன்றைய வீட்டில் ஜன்னல் இருக்கும், ஆனால் சூடான காற்று மேல் வழியே வெளியேற ஒரு ஓட்டைகூட இருக்காது.

மூன்றாவது, நிழல். கூரை சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும். வெயில் சுவரிலேயே படாது. சுவர் சூடாகாவிட்டால் அறையும் சூடாகாது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால், ஓலையே இல்லாமல்கூடக் குளுமையான வீடு கட்டலாம்.

வீட்டை எந்தத் திசையில் நீட்டுவது?

வீடு கிழக்கு மேற்காக நீளமாகவும், வடக்கு தெற்காக அகலம் குறைவாகவும் இருப்பது நல்லது. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் தாழ்வாக, பக்கவாட்டில் அடிக்கும். அதை சன்ஷேடு தடுக்காது. அந்தப் பக்கங்களில் சுவர் குறைவாக இருந்தால் சூடும் குறைவு. பெரிய ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைக்கலாம்.

மேற்குப் பக்கத்தில் படுக்கையறை வேண்டாம். ஸ்டோர் ரூம், மாடிப்படி, தானிய அறை போன்றவற்றை அங்கே வைத்தால், அவை வெயிலைத் தாங்கி உள் அறைகளைக் காப்பாற்றும். வேம்பு, புங்கன் மாதிரி மரம் வைப்பதும் இந்தப் பக்கம்தான். புங்கன் வேகமாக வளரும், நல்ல அடர்த்தியான நிழல் தரும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வேகமான காற்று பொள்ளாச்சி, கோவை, உடுமலைப் பக்கம் வீசும். ஆடிக் காற்று என்று சொல்வது இதைத்தான். அந்தப் பகுதியில் மாட்டுக் கொட்டகையையும் குப்பைக் குழியையும் வீட்டுக்கு மேற்கே வைத்தால் வாடையும் ஈயும் நேராக வீட்டுக்குள் வரும். கடலோர மாவட்டங்களில் காற்றின் திசை வேறு. அங்கே கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். ஊருக்கு ஊர் இது மாறும் என்பதால், பிளான் போடுவதற்கு முன் அந்த நிலத்திலேயே பல வருஷம் பாடுபட்டவர்களிடம் "எந்த மாசம் எந்தப் பக்கம் காத்து வரும், மழைத் தண்ணி எங்க நிக்கும்" என்று கேட்டுக்கொள்வது அவசியம். இதற்குப் பத்து பைசா செலவில்லை.

முதல்ல வேலை, அப்புறம் அறை!

இரண்டு பெட்ரூம், ஒரு ஹால், ஒரு கிச்சன் என்று அறைக் கணக்கில் ஆரம்பிப்பது நகரத்து வழக்கம். பழைய பண்ணை வீடு வேலைக் கணக்கில் ஆரம்பித்தது. களத்திலிருந்து மூட்டை எந்த வழியாகத் தானிய அறைக்குப் போகும்? காட்டிலிருந்து சேற்றுக் காலோடு வருபவர் எங்கே கால் கழுவுவார்? பால் கறந்த பிறகு கேனை எங்கே வைப்பார்கள்? கூலி கொடுக்கும் நாளில் எல்லோரும் எங்கே உட்காருவார்கள்? இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் அந்த வீட்டின் வரைபடம்.

இன்றும் விவசாயம் நடக்கும் வீடாக இருந்தால் இதே வரிசையில் யோசிக்கலாம்.

- வண்டி வந்து நிற்கும் இடம், களம், தானிய அறை ஆகிய மூன்றும் ஒரே வரிசையில், வீட்டுக்குள் நுழையாமல் சென்றுவரும்படி இருக்கட்டும்.
- பின்பக்கம் ஒரு தாழ்வாரம், அதிலேயே கை கால் கழுவும் தொட்டி, ஒரு குளியலறை, ஒரு கழிப்பறை. காட்டு வேலை முடித்து வருபவர் இங்கே சுத்தம் செய்துகொண்டு உள்ளே போகலாம்.
- உரம், பூச்சி மருந்து வைக்கும் அறைக்கு வீட்டோடு எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. தானியத்தோடும் சேர்க்கக் கூடாது. தனிப் பூட்டு, தனி வாசல் கட்டாயம்.
- முன்பக்கத் திண்ணை சுமார் ஒன்றரை அடி உயரம் இருந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து எழுந்திருக்க வசதி.

களம் இன்று தேவையா என்று சிலர் நினைக்கலாம். அறுவடை இயந்திரம் வந்த பிறகும் நிலக்கடலை, மக்காச்சோளம், தேங்காய், மஞ்சள், மிளகாய் எல்லாவற்றையும் காய வைத்தே ஆக வேண்டும். களம் இல்லாததால்தான் பல ஊர்களில் தார் ரோட்டில் தானியத்தைக் கொட்டிக் காய வைக்கிறார்கள். அது விபத்துக்கும் வழி, தானியத்துக்கும் கேடு. 30 அடிக்கு 30 அடி களம் என்றால் 900 சதுர அடி, அதாவது சுமார் 2 சென்ட். அறுவடை இல்லாத நாளில் அதுவே கார் நிறுத்துமிடம், பிள்ளைகள் விளையாடும் இடம், விசேஷத்துக்குப் பந்தல் போடும் இடம்.

கூரை: ஓடா, காங்கிரீட்டா?

செலவிலும் சௌகரியத்திலும் பெரிய முடிவு இதுதான். ஒவ்வொன்றுக்கும் நல்லதும் உண்டு, சிக்கலும் உண்டு.

மங்களூர் ஓடு: 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய ஓடு இது. ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொள்ளும். நாட்டு ஓட்டை விட எடை குறைவு, மாற்றுவது சுலபம். சரிவு சுமார் 25 முதல் 35 டிகிரி வரை இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் மழைத் தண்ணீர் உள்ளே ஏறும். முன்பு பனங்கையிலும் மர ரீப்பரிலும் போட்டார்கள். இன்று இரும்புப் பைப்பில் போடுகிறார்கள். கரையான் பயம் இல்லை. ஆனால் குரங்கு நடமாட்டம் உள்ள ஊரில் ஓடு தாங்காது. உடைந்த ஓட்டை வருஷா வருஷம் மழைக்கு முன் மாற்ற வேண்டும். ஓட்டுக்குக் கீழே இன்னொரு அடுக்கு தட்டையான ஓடு பதித்தால் இடையில் காற்று நிற்கும், சூடு குறையும்.

ஃபில்லர் ஸ்லாப்: காங்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், கம்பிகளுக்கு இடையே உள்ள காங்கிரீட் பெரிதாக எடை தாங்குவதில்லை. அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைத்து மேலே காங்கிரீட் போடுவது இந்த முறை. சிமெண்ட் மிச்சம், எடை குறைவு, ஓட்டுக்குள் நிற்கும் காற்றால் சூடும் குறைவு. மேலே மொட்டை மாடி கிடைக்கும். கம்பி இடைவெளியைப் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டும். கொத்தனார் குத்துமதிப்பாகப் போடக் கூடாது.

சாதாரண காங்கிரீட் தளம்: ஏற்கெனவே கட்டியாச்சு என்றாலும் கவலை வேண்டாம். மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது பழைய முறை. அதற்கும் காசு இல்லை என்றால் வருஷம் ஒரு தடவை, கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தளத்துக்கு மேலே பந்தல் போட்டு அவரை, பீர்க்கன் ஏற்றிவிடுவதும் நல்ல பலன் தரும்.

பலரும் தேர்வு செய்வது கலப்பு முறை. படுக்கையறைக்கு மேல் தளம், ஹாலுக்கும் தாழ்வாரத்துக்கும் ஓடு. தண்ணீர் டேங்க், சோலார் பேனல் வைக்கத் தளம் உதவும்.

எந்தக் கூரையாக இருந்தாலும் உச்சியில் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். ஓட்டுக் கூரையில் உச்சியை ஒரு அடி உயர்த்தி, பக்கவாட்டில் வலை அடிக்கலாம். தளத்தில், கூரையை ஒட்டிய உயரத்தில் எதிரெதிர் சுவர்களில் ஜாலி வைக்கலாம். கொட்டகையின் ரகசியம் இதுதான்.

புயல் வந்தா என்ன ஆகும்?

இதைப் பேசாமல் டெல்டாவில் ஓட்டு வீடு பற்றிப் பேச முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளோடு சேர்த்து ஓலைக் கூரைகளையும் ஓட்டுக் கூரைகளையும் பிய்த்துப் போட்டது. "பழைய காலத்து வீடு எதையும் தாங்கும்" என்ற பேச்சை அந்த ஊர்களில் சொல்ல முடியாது.

புயல் காற்று கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே தூக்குகிறது. எனவே கூரையைக் கட்டிப் பிடிக்க வேண்டும். இதற்குச் சில விதிகள்:

- சுவரின் உச்சியில் சுற்றிலும் காங்கிரீட் பெல்ட் போட்டு, அதில் புதைத்த போல்ட்டில் கூரைச் சட்டத்தை முறுக்க வேண்டும். வெறுமனே சுவர்மேல் உட்கார வைக்கக் கூடாது.
- ஓட்டைச் சட்டத்தோடு கம்பியால் கட்டவோ, திருகாணியால் பிடிக்கவோ வேண்டும். குறிப்பாக ஓர வரிசைகளும் உச்சி வரிசையும்.
- தாழ்வாரக் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாகப் போடாமல் தனியாகப் போடலாம். தாழ்வாரம் போனாலும் வீட்டுக் கூரை தப்பும்.
- ஒரு அறைக்காவது காங்கிரீட் தளம் இருக்கட்டும். புயல் ராத்திரியில் குடும்பம் முழுக்க அங்கே இருக்கலாம்.

சுவர்: செங்கல் குறைக்கலாம், மண்ணும் எடுக்கலாம்

இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1917-ல் பிறந்து, 1945-ல் இந்தியாவுக்கு வந்து, பிறகு திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கர், உள்ளூர் வீடுகளைப் பார்த்துப் பார்த்து தன் கட்டடக்கலையை உருவாக்கியவர். அவர் பரப்பிய முறைகளில் ஒன்று 'ரேட் ட்ராப் பாண்ட்', அதாவது எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே 9 அங்குலம்தான். ஆனால் செங்கல் சுமார் 25 சதவீதம் குறையும். நடுவில் நிற்கும் காற்று வெளிச் சூட்டை உள்ளே விடாது. பழக்கமில்லாத கொத்தனார் முதல் நாள் தடுமாறுவார். ஒரு சின்னச் சுவரை மாதிரியாகக் கட்டவைத்துப் பார்த்துவிட்டு வீட்டைத் தொடங்குவது நல்லது.

அடுத்தது மண் கல். பழைய மண் சுவரின் இன்றைய வடிவம் இது. மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுத்து, நிழலில் வைத்து சுமார் 4 வாரம் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துவார்கள். சூளை தேவையில்லை, விறகு தேவையில்லை. புதுச்சேரி அருகே ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் எர்த் இன்ஸ்டிடியூட் இதற்குப் பயிற்சி தருகிறது.

எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. மணல் பாதியளவும், களிமண் ஐந்தில் ஒரு பங்கு அளவும் இருந்தால் நல்லது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலேயும் தனித்தனி அடுக்காகப் படியும். எது எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். மேல்மண்ணைக் கல்லுக்கு எடுக்கக் கூடாது. அது பயிருக்கு வேண்டியது. ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு அதற்குக் கீழே உள்ளதை எடுக்க வேண்டும். மண் எடுத்த குழியை மழைநீர்ப் பண்ணைக் குட்டையாக ஆக்கலாம்.

கரிசல் பூமியில் கட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் விடும். இங்கே பொறியாளர் இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது.

மண் சுவரோ செங்கல்லோ, கீழே கல் பேஸ்மட்டமும் மேலே நீண்ட கூரையும் கட்டாயம். மண் சுவரின் எதிரி வெயில் அல்ல, தரையிலிருந்து தெறிக்கும் மழைத் தண்ணீர்.

முற்றம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் இடம் இருந்தால் மட்டும். 8 அடிக்கு 8 அடி முற்றமே ஒரு சின்ன வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் தரும். முற்றத்துத் தரை சுற்றியுள்ள தாழ்வாரத்தை விட அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தண்ணீர் வேகமாக வடிய நல்ல அகலமான குழாய் வேண்டும். அதன் வாயில் வலை வேண்டும், இல்லாவிட்டால் தவளையும் பாம்பும் வரும். மேலே இரும்புக் கிராதி போட்டால் பாதுகாப்பு, கொசு வலை போட்டால் நிம்மதி.

பலர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. மழை வருகிறது என்று முற்றத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடு போட்டு இறுக மூடிவிடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. குளுமைக்காக வைத்த முற்றமே அடுப்பாகிவிடும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், தகட்டைக் கூரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி நாலு பக்கமும் காற்று போக விடுங்கள்.

குதிர் சொல்லும் கணக்கு

குதிரிலும் பத்தாயத்திலும் தானியத்தை மேலே கொட்டுவார்கள், கீழே உள்ள சின்ன வாய் வழியாக எடுப்பார்கள். முதலில் போட்டது முதலில் வெளியே வரும். பழைய நெல் அடியிலேயே கிடந்து புழுத்துப் போகாது. குதிர் தரையில் நேரடியாக உட்காராது, கல்லின்மேல் இருக்கும். ஈரமும் எலியும் ஏறாது.

இன்றைய தானிய அறைக்கும் இதே கணக்குதான். தரை வெளி மட்டத்தை விட ஒன்றரை, இரண்டு அடி உயரம். மூட்டைக்குக் கீழே மரச்சட்டம். சுவருக்கும் மூட்டைக்கும் இடையே ஒரு ஆள் போகும் இடைவெளி. உயரத்தில் வலை அடித்த ஜாலி. நெல்லில் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்த அறையிலும் தாங்காது என்பதையும் மறக்கக் கூடாது. விதையை அடுப்புக்கு மேலே பரணில் வைத்ததற்கும் காரணம் இருந்தது. புகையும் வறட்சியும் பூச்சியை அண்ட விடவில்லை.

மாட்டுக் கொட்டகையை எங்கே, எப்படி?

மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகையைக் கடைசியாக, மிச்சம் இருக்கும் மூலையில் போடுவது வழக்கம். அதை முதலிலேயே வரைபடத்தில் சேருங்கள். தரை வழுக்காமல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். 40 அடிக்கு ஒரு அடி என்ற அளவில் லேசான சரிவு இருந்தால் கோமியம் வாய்க்காலுக்கு ஓடும். அந்த வாய்க்காலைச் சாண எரிவாயுக் கலனுக்கோ தோட்டத்துக்கோ திருப்பலாம். வீட்டுக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் தள்ளி இருக்க வேண்டும். ராத்திரி மாடு கத்தினால் கேட்கும் தூரத்திலும், வாடை வராத திசையிலும் இருக்கட்டும்.

எதையெல்லாம் விட்டுவிட வேண்டும்?

பழசு எல்லாமே நல்லது இல்லை. பழைய அடுக்களை இருட்டும் புகையுமாக இருந்தது. பெண்கள் பாதி வாழ்க்கையை அதற்குள் கழித்தார்கள். கழிப்பறை வீட்டிலேயே இல்லை. குனிந்து போகும் வாசலும், தாண்டிப் போகும் உயரமான நிலைப்படியும் முட்டி வலி உள்ளவர்களுக்கு ஆபத்து. திண்ணையில் யார் உட்காரலாம், யார் களத்தோடு நிற்க வேண்டும் என்று சாதி பார்த்த காலமும் இருந்தது. கூலிக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர்கூடத் தனியாகக் கொடுத்த வீடுகள் உண்டு. இவற்றைத் திரும்பக் கட்டத் தேவையில்லை.

புது வீட்டில் சமையலறைதான் நல்ல வெளிச்சமும் இரண்டு பக்கக் காற்றும் உள்ள அறையாக இருக்க வேண்டும். பெரியவர்கள் படுக்கும் அறையை ஒட்டியே கழிப்பறை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, வாசலில் படியோடு ஒரு சாய்தளம். வேலைக்கு வருபவர்களும் பயன்படுத்தும்படி வெளியே ஒரு கழிப்பறை. இவை செலவு அல்ல, அவசியம்.

செலவு குறையுமா?

குறையும் இடமும் உண்டு, கூடும் இடமும் உண்டு. எலிப்பொறிக் கட்டு, ஃபில்லர் ஸ்லாப், சொந்த நிலத்து மண் கல் ஆகியவற்றில் பொருள் செலவு குறையும். பூசாத சுவர் என்றால் பூச்சும் பெயிண்டும் மிச்சம். காரைக்குடியில் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்த கதவு, ஜன்னல், தூண் விற்கும் கடைகள் உள்ளன. ஆனால் சுண்ணாம்புப் பூச்சு, மண் வேலை தெரிந்த ஆட்கள் குறைவு. கூலியும் நாளும் கூடும். பழைய மரத்தை வாங்கி இழைத்துப் பொருத்துவதும் சில சமயம் புது மரத்தை விட அதிகமாகிவிடும். "பாரம்பரியம்னா சீப்" என்று நம்பி இறங்கக் கூடாது.

சின்ன வீட்டுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்கு காங்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும், தீப்பிடிக்காத வேறு வகைக் கூரை போடலாம். அந்த 60 சதுர அடியை ஓடு போட்ட திண்ணையாக, வெயில் படும் பக்கத்தில் வைத்தால் மொத்த வீட்டுக்கும் நிழல் கிடைக்கும்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

- கிராம ஊராட்சிப் பகுதியிலும் கட்டட அனுமதி தேவை. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று அடிப்படையில் ஆன்லைனில் அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது. விவசாய நிலத்துக்குள் கட்டுவதாக இருந்தால், நில வகைப்பாடு பற்றி ஊராட்சி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.
- மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். 1,000 சதுர அடி கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஓட்டுக் கூரையில் இறவாணத்தில் தகரக் கால்வாய் வைத்தால் போதும்.
- மனையில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, காலை, மத்தியானம், சாயங்காலம் என மூன்று வேளையும் நின்று பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கே வருகிறது என்று தெரியும். பேப்பரில் கோட்டை மாற்றுவது சுலபம், சுவரை மாற்றுவது கஷ்டம்.
- மேஸ்திரியிடம் 3 கேள்வி கேளுங்கள். சூடான காற்று எந்த வழியாக வெளியே போகும்? மேற்குச் சுவருக்கு யார் நிழல் தருவது? கூரையை எது கட்டிப் பிடிக்கிறது? பதில் தெளிவாக வந்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

வீடு நன்றாக வந்திருக்கிறதா என்று கிரகப்பிரவேசத்தன்று தெரியாது. கட்டி முடித்த முதல் சித்திரையில், மத்தியானம் 2 மணிக்கு, பெரியவர்களின் கட்டில் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். அது திண்ணையிலோ தாழ்வாரத்திலோ கிடந்தால் வீடு சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.